வந்து போகிறவருக்கு ஒரு கோரக்பூர், வாழ்கிறவருக்கு ஒரு கோரக்பூர்

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நான் கண்ட நகரம்' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் பெரிய பெரிய நகரங்களை நம் கண்முன் கொண்டு வந்தார்கள். நான் சொல்லப் போகும் ஊரின் பெயரைக் கேட்டால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பீர்கள். "நாங்கள் அங்கே ஓர் இரவு தங்கியிருக்கிறோமே" என்று வேறு சிலர் சொல்வீர்கள். அந்த இரண்டு பதில்களையும் பற்றித்தான் என் பேச்சு. ஊரின் பெயர் கோரக்பூர்.

வட இந்தியச் சமவெளியில், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில், ராப்தி ஆற்றங்கரையில் இருக்கும் நகரம் அது. லக்னோவில் இருந்து ஏறக்குறைய 270 கிலோமீட்டர். வடக்கே இன்னும் 100 கிலோமீட்டர் போனால் நேபாள எல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நகரில் இருந்தவர்கள் 6 லட்சத்து 73 ஆயிரம் பேர். டில்லி போல மாநகரமும் அல்ல, கிராமமும் அல்ல. நடுத்தரமான ஊர். மலை இல்லை, கடல் இல்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் நெல், கோதுமை, கரும்பு என்று தட்டையாக விரிந்து கிடக்கும் பூமி.

நம்மவர்கள் இந்த ஊரை எப்படி அறிவார்கள்? காசி, அயோத்தி யாத்திரை போகிறவர்கள், அங்கிருந்து நேபாளத்தில் உள்ள முக்திநாத்துக்குப் புறப்பட்டால் வழியில் வருவது கோரக்பூர். புத்தர் பிறந்த லும்பினிக்கும், அவர் பரிநிர்வாணம் அடைந்த குசிநகருக்கும் போகிறவர்களுக்கும் கோரக்பூர்தான் வாசல். குசிநகர் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. ஆக, இரவு பத்து மணிக்கு வந்து இறங்குவார்கள். காலை ஐந்து மணிக்குப் பேருந்து புறப்பட்டுவிடும். ஊருக்கு வந்தவர் ஊரைப் பார்க்காமலேயே போய்விடுவார்.

ஒரு பயண நிகழ்ச்சியின் படப்பிடிப்புக்காக நான் அங்கே பதினொரு நாள் தங்க நேர்ந்தது. அந்த நாள்களில் நான் பார்த்ததையும், திரும்பி வந்த பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

*வந்து போகிறவர் காணும் ஊர்*

முதலில் பயணியின் கண்ணால் பார்ப்போம். இரயிலில் வந்து இறங்கியவுடன் வியப்புக் காத்திருக்கிறது. அங்குள்ள நடைமேடையின் நீளம் 1,366 மீட்டர். 2013ஆம் ஆண்டில் இருந்து உலகின் மிக நீளமான நடைமேடை என்ற பெயர் அதற்கு இருந்தது. 2023இல் கர்நாடக மாநிலத்தின் ஹூப்ளி நிலையம் 1,507 மீட்டர் நடைமேடையோடு அதை முந்திவிட்டது. பட்டம் போனாலும் நீளம் குறையவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடந்து பாருங்கள், தெரியும்! வடகிழக்கு இரயில்வேயின் தலைமையகமும் இங்கேதான். இந்த நிலையத்தில் புறப்படும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் தமிழ்நாட்டைக் கடந்து கேரளம் வரை போகிறது. ராப்தி ஆற்றையும் கடலையும் இணைக்கும் பெயர்.

அடுத்தது கோரக்நாதர் மடம். நாத யோகியரின் தலைமைப் பீடங்களில் ஒன்று. 2017இல் உத்தரப் பிரதேச முதலமைச்சரான யோகி ஆதித்யநாத் இந்த மடத்தின் தலைவர். நமக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. நம் பதினெண் சித்தர்களில் ஒருவராகச் சொல்லப்படும் கோரக்கரும் இவரும் ஒருவரே என்பது மரபு. நாகப்பட்டினத்துக்கு அருகே வடக்குப் பொய்கைநல்லூரில் அவருடைய சமாதி இருப்பதாகத் தமிழ் மக்கள் வணங்குகிறார்கள். வடகோடியில் ஊருக்கே பெயர் கொடுத்தவர், தென்கோடியில் கடலோரத்தில் அடங்கியிருப்பதாக நம்புகிறோம் என்றால், பழைய காலத்துச் சாதுக்களின் கால்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும்!

நாம் பொங்கல் வைக்கும் அதே நாளையொட்டித்தான் இந்த மடத்தில் கிச்சடித் திருவிழா தொடங்குகிறது. மகர சங்கராந்தி அன்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்தும் நேபாளத்தில் இருந்தும் மக்கள் வந்து அரிசியும் பருப்பும் காணிக்கையாகக் கொட்டுகிறார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் சந்தை, இராட்டினம், தின்பண்டம் என்று திருவிழா நடக்கிறது. புத்தரிசியைக் கொண்டாடுவதில் வடக்கு என்ன, தெற்கு என்ன?

நம் வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கும் பகவத் கீதைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மலிவு விலை, கெட்டி அட்டை. பல வீடுகளில் அது 'கீதா பிரஸ், கோரக்பூர்' வெளியீடாக இருக்கும். 1923இல் தொடங்கிய அந்த அச்சகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் நூல்களை வெளியிடுகிறது. ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே ஊரின் பெயரை நாம் தினமும் கையில் ஏந்தியிருக்கிறோம்.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 25 கிலோமீட்டர் தூரத்தில் சௌரி சௌரா இருக்கிறது. 1922 பிப்ரவரியில் கோபமுற்ற கூட்டம் அங்குள்ள காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது; உள்ளே இருந்த காவலர்கள் மாண்டார்கள். அதனால் மனம் நொந்த காந்தியடிகள், நாடு முழுவதும் நடந்து கொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். அந்த வழக்கில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 1921இல், கோரக்பூரில் காந்தியடிகள் பேசியதைக் கேட்டுத் தம் அரசாங்க ஆசிரியர் வேலையை உதறினார் ஒருவர். அவர்தான் இந்தி, உருது இலக்கியத்தின் மாபெரும் எழுத்தாளர் பிரேம்சந்த். 1969ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெற்ற உருதுக் கவிஞர் பிராக் கோரக்பூரியும் இந்த மண்ணின் மைந்தர். ஊரையே தம் பெயரின் பாதியாக வைத்துக் கொண்டவர்.

இவ்வளவும் வந்து போகிறவர் காணக்கூடிய ஊர். படம் பிடிக்க அழகானது. ஆனால் நேயர்களே, ஊர் இதோடு முடிந்துவிடவில்லை.

*வாழ்கிறவர் அறிந்த ஊர்*

நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் அவரைச் 'சாச்சி' என்று அழைத்தேன். சித்தி என்று பொருள். அவர் என்னை 'பேட்டி', மகளே என்பார். வீட்டு முற்றத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. நாங்கள் மேசையில் புட்டித் தண்ணீரை வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அவர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "விருந்தாளி தண்ணீரைக் கடையில் வாங்குவார் பேட்டி. நாங்கள் தண்ணீரை நம்பி வாங்குகிறோம்."

எனக்கு அது உடனே விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். அந்தச் சமவெளியில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் ஏழைகள் கையில் இருக்கும் காசுக்கு ஆழமில்லாத பம்பு போட்டுக் கொள்வார்கள். ஆனால் மேலே ஊறும் நீரில் மழைக்காலத்து அழுக்கெல்லாம் இறங்கும். அந்த நீர் ஆகாது என்று அரசாங்கமே பல பம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசியது. ஆழத்தில் இருந்து எடுக்கும் 'இந்தியா மார்க் 2' என்ற பம்புதான் பாதுகாப்பானது என்றார்கள். அது எல்லாருடைய வாசலிலும் இல்லையே!

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? கோரக்பூர்த் தாய்மார்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக மழைக்காலத்தை அச்சத்தோடுதான் எதிர்கொண்டார்கள். 1978ஆம் ஆண்டு அந்த வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பெரிய அளவில் பரவியது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும், வலிப்பு வரும், நினைவு தவறும். அதற்குள் மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும். பிழைத்த குழந்தைகளிலும் பலருக்கு நடையோ பேச்சோ திரும்பவில்லை. கிராமத்து மக்கள் அதை 'நவ்கி பீமாரி', அதாவது புது நோய் என்றார்கள். ஆனால் அந்தப் புது நோய் ஆண்டுதோறும் ஜூலை முதல் அக்டோபர் வரை தவறாமல் வந்தது. 2005ஆம் ஆண்டு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் குழந்தைகளை, பலிகொண்டது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல், சுருக்கமாக ஜே.இ. என்ற பெயரைக் கேட்டால் மலேசியர்களான நமக்கு ஒரு பழைய நினைவு வரும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஜே.இ. என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆயினும் சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது வேறொரு புதிய கிருமி என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் நிப்பா. நம் நாட்டில் 105 உயிர்கள் போயின. சிங்கப்பூரிலும் ஒருவர் மாண்டார். நோய்க்குப் பெயரைத் தவறாக வைத்தால் மருந்தும் தவறாகப் போகும் என்ற பாடத்தை நாம் அன்று கற்றோம்.

கோரக்பூரிலும் அதே போன்ற கதைதான். அங்கே ஜே.இ. உண்மையாகவே இருந்தது. வயலில் தேங்கும் நீரில் பெருகும் கொசு, பன்றியிடமும் நீர்ப்பறவையிடமும் இருக்கும் கிருமியைக் குழந்தைக்குக் கொண்டு வந்தது. 2006இல் இருந்து பெரிய அளவில் தடுப்பூசி போட்டார்கள். ஜே.இ. குறைந்தது. ஆனால் குழந்தைகள் மூளைக்காய்ச்சலோடு வருவது நிற்கவில்லை. பின் எதனால்? தண்ணீர் வழியாக வரும் கிருமிகளைச் சந்தேகித்தார்கள். 2015ஆம் ஆண்டையொட்டி நடந்த ஆய்வுகளில்தான் பெரும் பங்கு தெளிவாயிற்று. அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரைத் தாக்கியிருந்தது 'ஸ்க்ரப் டைஃபஸ்'. தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புதர்களில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணி கடிப்பதால் வருவது. வயலில் விளையாடும் குழந்தை, சுள்ளி பொறுக்கப் போகும் குழந்தை, கழிப்பறை இல்லாததால் வெளியே ஒதுங்கும் குழந்தை என்று இவர்களைத்தான் அது தேடிப் பிடித்தது.

நேயர்களே, இங்கேதான் நம் நாட்டின் பெயர் வருகிறது. உண்ணிக் காய்ச்சல் நமக்குப் பழைய பகை. அந்தக் காலத்துச் செம்பனைத் தோட்டங்களில் நம் தொழிலாளர்களை வாட்டிய நோய் அது. அதற்கு முறையான மருந்து உண்டு என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்ட ஊர் எது தெரியுமா? நம் கோலாலம்பூர்! 1948இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 'குளோராம்பெனிகால்' என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று அதற்கு 'டாக்ஸிசைக்ளின்', 'அசித்ரோமைசின்' போன்ற மலிவான மாத்திரைகள் இருக்கின்றன. காய்ச்சல் கண்ட முதல் சில நாள்களில் கொடுத்தால் மூளைக்குப் போகும் முன்பே தடுத்துவிடலாம்.

1948இல் கோலாலம்பூரில் தெரிந்த மருந்து, 2015 வரை கோரக்பூர்க் குழந்தைக்குத் தக்க நேரத்தில் போய்ச் சேரவில்லை. மருந்து இல்லாததால் அல்ல. இந்த நோய்தான் என்று யாரும் தேடிப் பார்க்காததால். டில்லியில் இருந்தோ மும்பையில் இருந்தோ பார்த்தவர்களுக்கு அது தூரத்து ஊரின் வருடாந்திரச் செய்தி. வந்து போகிற கண்ணுக்கும் வாழ்கிற கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வந்து போகிறவர் ஒரு பருவத்தைப் பார்க்கிறார். வாழ்கிறவர் எல்லாப் பருவத்தையும் அனுபவிக்கிறார்.

2017 ஆகஸ்டில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் சில நாள்களுக்குள் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பிராணவாயு விநியோகம் தடைபட்டதாக எழுந்த குற்றச்சாட்டும், அதை அரசு மறுத்ததும் உலகச் செய்தியாயின. அதற்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018இல் 'தஸ்தக்', அதாவது கதவைத் தட்டுதல் என்ற பெயரில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். காய்ச்சல் என்றால் காத்திருக்காதே, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு உடனே போ என்று சொன்னார்கள். அங்கேயே உண்ணிக் காய்ச்சலுக்கான மாத்திரையும் கிடைத்தது. 2021 டிசம்பரில் எய்ம்ஸ் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கதவைத் தட்டுவதற்கு 40 ஆண்டுகள் ஆயின என்பதுதான் வேதனை.

*புறப்படுகிறவர்களும் திரும்புகிறவர்களும்*

அந்த நீண்ட நடைமேடையை இப்போது வேறு கண்ணால் பாருங்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் டில்லிக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் வேலை தேடிப் போகும் வழி அது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் 'சட்' பண்டிகை. ராப்தி ஆற்றில் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று அந்திச் சூரியனையும் காலைச் சூரியனையும் வணங்குவார்கள். அதற்காக எப்பாடு பட்டாவது ஊர் திரும்புகிறவர்களால் இரயில்கள் பிதுங்கும். 2020இல் ஊரடங்கு வந்தபோது, வேலை இழந்த தொழிலாளர்களை ஏற்றிய சிறப்பு இரயில்கள் அதிகமாக வந்து சேர்ந்த நிலையங்களில் கோரக்பூரும் ஒன்று.

புலம்பெயர்தல் இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்ததல்ல. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய காலத்தில், இந்த போஜ்புரி மக்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறி பிஜிக்கும் மொரீஷியசுக்கும் சுரினாமுக்கும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அக்காலத்தில் மாடு வளர்த்து வீட்டு வாசலில் பால் ஊற்றியவர்களிலும், கடை முன் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருந்தவர்களிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் இருந்தார்கள். நாம் அவர்களின் ஊர்ப் பெயரைக் கேட்டதில்லை. 'வங்காளி' என்று ஒரே பெயரில் அழைத்துவிட்டோம். சாச்சியிடம் நான் மலேசியா என்றதும், "உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களைப் போலக் கப்பலில் போனவர்கள்தானே" என்றார். அந்த ஒரு சொல்லில் எங்களுக்குள் இருந்த மொழி வேறுபாடு பாதியாகக் குறைந்தது.

*போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள்*

அப்படியானால் கோரக்பூருக்குப் போகாதீர்கள் என்கிறேனா? இல்லை. போங்கள். ஆனால் போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஒரு முழுப் பகலை அந்த ஊருக்குக் கொடுங்கள். நவம்பரும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கும். இரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். மே, ஜூனில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மழைக்காலத்தில் போவதானால் முன்கூட்டியே மருத்துவரைக் கண்டு தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மாலையில் ராம்கர் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். சுட்ட மாவுருண்டையைக் கத்தரிக்காய் மசியலோடு தரும் 'லிட்டி சோக்கா'வைத் தெருவோரத்தில் சூடாகச் சாப்பிடுங்கள்.

இரண்டு, உங்கள் பணத்தில் கொஞ்சம் அந்த ஊரிலேயே தங்கட்டும். அருகே ஔரங்காபாத் என்ற கிராமத்தில் குயவர்கள் சுடுமண்ணில் குதிரையும் யானையும் செய்கிறார்கள். நம் ஐயனார் கோயில் குதிரையைப் பார்த்தவர்களுக்கு அவை சொந்தக்காரக் குதிரைகள் போலத் தோன்றும். 2020இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டில்லிக் கடையில் வாங்குவதைவிடச் செய்தவர் கையில் காசு கொடுத்து வாங்குங்கள்.

மூன்று, கோயிலைப் பற்றிக் கேட்பதோடு நிற்காமல், "உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? மழை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். விருந்தாளி இப்படிக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. என்னிடம் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டுதான் பேசினார்கள்.

நம் நாட்டிலும் நெடுஞ்சாலையில் நாம் வேகமாகக் கடந்து போகும் ஊர்கள் எத்தனை! தாப்பா என்றால் ஓய்விடம், பீடோர் என்றால் கொய்யா என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அங்கும் மழை பெய்தால் டிங்கிக் காய்ச்சலை எண்ணி அஞ்சும் தாய்மார்கள் இருக்கிறார்கள்; சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளையை எதிர்பார்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கடந்து போகிறவர்களுக்கு ஊர் என்பது வழி. அங்கே விளக்கேற்றுகிறவர்களுக்கு அதுதான் உலகம். ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் நின்று பேசினால், அடுத்த முறை செய்தியில் அந்த ஊரின் பெயர் வரும்போது நம் கை தானாகத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும். அந்த அளவுக்கு ஓர் ஊரை அறிந்துவிட்டு வந்தால், போன பயணம் பயனுள்ள பயணம்.